பதினாலு பூஜ்ஜியம்

சராசரியாய்ப் பிறந்தது என் தப்பில்லை. உயரம், எடை, வயது, பல் எண்ணிக்கை, வாயைத் திறந்தால் எத்தனை விரல் நுழையும் என்ற அளவு, எதை எடுத்தாலும் நான் நட்டநடுவில் நின்றேன். அதைக் கண்டுபிடித்தது உணவுக் கொழுப்புத் தர வாரியம். அன்றைக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டிருக்கலாம். போடவில்லை, என் தலையெழுத்து.

அதுவரை நான் வாரியத்தில் வேன் டிரைவர். தொழிற்சாலைகளுக்குப் போய் மாதிரிப் பொட்டலங்களை வாங்கி, ஆய்வகத்தில் கொண்டுவந்து கொடுத்துக் கையெழுத்து வாங்குவது வேலை. பதினாறு வருஷம் ஓட்டினேன், யாரையும் இடித்ததில்லை. ஒரு திங்கட்கிழமை வாரிய ஊழியர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்தி டேப் வைத்து அளந்தார்கள். புது யூனிஃபார்ம் வரப்போகிறது என்று நினைத்து வயிற்றை எக்கிக்கொண்டு நின்றேன். சாயங்காலம் கையில் உத்தரவு கொடுத்தார்கள். 'மாதிரி உண்பவர், நிலை ஒன்று.'

விஷயம் இதுதான். எந்தப் பொட்டலத்தைத் திருப்பினாலும் பின்னால் ஒரு கட்டம் இருக்கும். ஒரு தடவை சாப்பிட்டால் எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு உப்பு, எவ்வளவு கொழுப்பு என்று அதில் போட்டிருப்பார்கள். அந்த ஒரு தடவை என்பது எவ்வளவு? அதை இத்தனை நாளும் கம்பெனிக்காரர்களே இஷ்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். வாரியத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு சராசரி ஆளை உட்கார வைப்பது, பொட்டலத்தைக் கையில் கொடுப்பது, அவன் எங்கே போதும் என்று நிறுத்துகிறானோ அதையே நாட்டு மக்களின் ஒரு தடவை என்று அறிவிப்பது. கேட்கும்போது நியாயமாகத்தான் பட்டது.

"சாப்பிடறதுக்குச் சம்பளமா? நெஜமாத்தான் சொல்றீங்களா, இல்ல வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?" என்றாள் என் மனைவி.

"நெஜந்தான். டிரைவர் வேலைக்கு மேல ரெண்டு படி."

"அப்பா, தொட்டுக்க டீ குடுப்பாங்களா?" என்றாள் மகள். அப்போதுதான் படிப்பை முடித்து வேலை தேட ஆரம்பித்திருந்தாள். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன்.

உண்ணும் அறை நாலாவது மாடி. மூன்று பக்கம் வெள்ளைச் சுவர், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. நடுவில் தரையோடு திருகி வைத்த மேஜை நாற்காலி. கடிகாரத்தைச் சுவர் பக்கம் திருப்பி மாட்டியிருந்தார்கள், உண்பவர் அவசரப்படக் கூடாதாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா கையில் எண்ணும் கருவியோடு உட்கார்ந்திருப்பார். நான் ஒன்று எடுத்தால் அவர் ஒரு 'கிளிக்'. அதனால் அவருக்குக் கிளிக் மேடம் என்று பெயர். நல்ல மனுஷி, என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

முதல் நாள் கிரீம் பிஸ்கட். காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். பதினாலு தின்றேன். பொட்டலத்தைத் தலைகீழாக்கித் தூளையும் வாயில் கொட்டிக்கொண்டு, வேலையை ஒழுங்காகச் செய்த திருப்தியோடு நிமிர்ந்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லார் முகமும் பேயறைந்த மாதிரி இருந்தது.

இயக்குநர் உள்ளே வந்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார்.

"என்ன இப்படிப் பண்ணிட்டீங்க?"

"சாப்பிடச் சொன்னீங்க சார், சாப்பிட்டேன்."

"ஒரு பிஸ்கட்டுல பாயிண்ட் நாலு கிராம் டிரான்ஸ் கொழுப்பு இருக்கு. ஒரு தடவைக்கு அரை கிராமுக்குக் கீழ இருந்தா பூஜ்ஜியம்னு போட்டுக்கலாம்னு நம்ம விதி. பொட்டலத்துல பூஜ்ஜியம்னு அச்சடிச்சு அஞ்சு கோடி வெளிய போயாச்சு. ஒரு பிஸ்கட்டோட நீங்க நிறுத்தியிருந்தா எல்லாருக்கும் நல்லது. நீங்க பாட்டுக்குப் பதினாலு தின்னா அது அஞ்சரை கிராமுக்கு மேல போகுது. உங்க பசிக்காக அஞ்சு கோடிப் பொட்டலத்தக் கிழிக்க முடியுமா?"

"அந்தக் கொழுப்ப எடுத்துட்டா என்ன சார்?"

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பிஸ்கட்டு மொறுமொறுன்னு இருக்க வேணாமா? எட்டு மாசம் கடையில கெடாம நிக்க வேணாமா? எண்ணெய் தண்ணி மாதிரி ஓடும். அதுக்குள்ள வாயுவைச் செலுத்திக் கெட்டியாக்கினாத்தான் அது நிக்கும். நிக்கறதுதான் அதோட குணம்."

"உள்ள போனப்புறமும் நிக்குமா சார்?"

"அது வேற துறை."

மூன்று நாள் கமிட்டி கூடியது. நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே சத்தமாகச் சண்டை நடந்தது. நாலாம் நாள் தீர்ப்பு வந்தது. பொட்டலத்திலிருந்து கை ஒரு முறை வாய்க்குப் போனால் அது ஒரு தடவை. ஆகவே நான் பதினாலு பிஸ்கட்டை ஒரு தடவையில் தின்னவில்லை. ஒவ்வொரு பிஸ்கட்டாகப் பதினாலு தடவை தின்றிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பாயிண்ட் நாலு. அதாவது பூஜ்ஜியம்.

"பதினாலு பூஜ்ஜியத்தக் கூட்டினா என்ன வரும், நீங்களே சொல்லுங்க" என்றார் இயக்குநர்.

"பூஜ்ஜியம் சார்."

"பாத்தீங்களா? டிரைவரா இருந்த உங்களுக்கே புரியுது. இந்தப் பத்திரிகைக்காரங்களுக்குப் புரியலையே."

அதற்கப்புறம் சாமான்கள் வரிசை கட்டி வந்தன. பஃப்ஸ் வந்தது. முழுசாக ஒன்றில் பாயிண்ட் ஒன்பது. ஒரு கடி பாதியைத் தாண்டினால் போச்சு. அதனால் எனக்குக் கடிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். மேஜையில் ஸ்கேல் ஒட்டி, சிவப்புக் கோடு போட்டு, கோட்டைத் தாண்டிப் பல் போகாமல் கடிக்க இருபது நாள் பழக்கினார்கள். "இன்னும் கொஞ்சம் சின்ன வாயா, அண்ணே" என்று கிளிக் மேடம் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருப்பார். ஐம்பது வயதில் பல் முளைத்த பிள்ளை மாதிரி கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கேக் வந்தபோதுதான் வாரியத்துக்கே வியர்த்தது. மேலே பூசின கிரீம் முழுக்கக் கெட்டியாக்கின கொழுப்பு. எவ்வளவு சின்னக் கடி கடித்தாலும் முக்கால் கிராம். ஸ்பூனை மாற்றினார்கள். பொம்மை வீடு செய்கிற ஒருவரிடம் சொல்லி, சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னதாக முந்நூறு ஸ்பூன் வாங்கினார்கள். அதில் ஒன்றை நான் ஒருநாள் கேக்கோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். அதற்கு ஒரு விசாரணை நடந்தது. அரசாங்கச் சொத்துக்குச் சேதம் என்று என்னிடம் விளக்கம் கேட்டார்கள்.

மறுபடி கமிட்டி. வாயில் போட்டதெல்லாம் சாப்பிட்டதாகி விடாது, துப்பவும் வாய்ப்பிருக்கிறது, ஆகவே தொண்டையைத் தாண்டினால்தான் சாப்பிட்டதாகக் கணக்கு என்று முடிவாயிற்று. இனி ஒரு விழுங்கல்தான் ஒரு தடவை. என் தொண்டையில் ஒரு மைக்கை ஒட்டினார்கள். ஒரு வாய்க் கேக்கை நாலு விழுங்கலாகப் பிரித்து விழுங்கினேன். நாலு கிளிக். நாலு பூஜ்ஜியம்.

இப்படியே ரெண்டு வருஷம். காலையில் பிஸ்கட், மத்தியானம் பஃப்ஸ், நாலு மணிக்குக் கேக். இடையில் சிப்ஸ், பாப்கார்ன், ரொட்டியில் பூசுகிற மஞ்சள் வெண்ணெய் மாதிரி ஒன்று. வீட்டுக்கு வந்தால் சோற்றைப் பார்த்தாலே குமட்டும். மனைவி தட்டை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். சட்டைப் பட்டன்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. அவள் பயந்துபோய் வீட்டில் எண்ணெய்ச் சட்டியையே பரண்மேல் ஏற்றிவிட்டாள். எல்லாருக்கும் வேகவைத்த காய்தான். மகள் முணுமுணுத்துக்கொண்டே தின்றாள்.

"உங்களுக்குக் கொழுப்பு இல்லைங்க, அந்த ஆபீசுக்குத்தான் கொழுப்பு" என்று மனைவி திட்டுவாள். எனக்குச் சிரிக்கவும் மூச்சு பற்றாது.

ரெண்டாம் வருஷ முடிவில் வாரியம் சாதனை விழா எடுத்தது. பெரிய மண்டபம், பெரிய மேடை. இயக்குநர் பேசினார். அவர் பேசியதை அப்படியே சொல்கிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

"நண்பர்களே, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இந்த நாட்டு மக்கள் எத்தனையோ ஆயிரம் டன் டிரான்ஸ் கொழுப்பைச் சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. இன்னைக்கு, வாரியத்தோட அயராத உழைப்பால, அது பூஜ்ஜியம். இதுக்காக ஒரு தொழிற்சாலை மூடல. ஒரு மெஷின் மாத்தல. ஒரு பிஸ்கட்டோட ருசி கூட மாறல. எதையுமே மாத்தாம எல்லாத்தையும் மாத்தியிருக்கோம். வேற எந்த நாட்டுல இது நடந்திருக்கு?"

கைதட்டல் அடங்க ரொம்ப நேரமாயிற்று. சராசரி மனிதர் மேடைக்கு வரவும் என்று என்னைக் கூப்பிட்டார்கள், கேடயம் வாங்க. ஏழு படி. நாலாவது படியில் நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. ஐந்தாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். பணிவினால் உட்கார்ந்தேன் என்று நினைத்து அதற்கும் கைதட்டினார்கள்.

மருத்துவமனையில் ஒரு டாக்டர், சின்ன வயசு, ரத்த ரிப்போர்ட்டை ரெண்டு தடவை படித்தார்.

"கெட்ட கொழுப்பு நூத்தித் தொண்ணூத்தெட்டு. நல்ல கொழுப்பு இருபத்தேழு. என்னங்க சாப்பிடறீங்க நீங்க?"

"பூஜ்ஜியம் டாக்டர்" என்றேன் பழக்கத்தில். பிறகு விவரமாகச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"உங்க ரத்தத்துல ரெண்டு வண்டி ஓடுதுன்னு வச்சுக்குங்க. ஒண்ணு கொழுப்பைக் கொண்டாந்து குழாய்ச் சுவர்ல கொட்டிட்டுப் போற வண்டி. இன்னொண்ணு அதை அள்ளிட்டுப் போற வண்டி. வெண்ணெய், நெய் அதிகமா சாப்பிட்டா கொட்டற வண்டி கூடும், அள்ளற வண்டி அது பாட்டுக்கு ஓடும். இந்தக் கெட்டியாக்கின கொழுப்பு இருக்கே, அது கொட்டற வண்டியையும் கூட்டும், அள்ளற வண்டியையும் குறைக்கும். ரெண்டு பக்கமும் அடி. அதனாலதான் இதுல பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாது. உங்களுக்கு ரெண்டு குழாய் அடைச்சிருக்கு. இந்த மாசத்துக்குள்ள ஸ்டென்ட் வைக்கணும். இன்னையிலருந்து அந்தக் கருமத்தைத் தொடக் கூடாது."

பதினாறு வருஷம் வண்டி ஓட்டினவனுக்கு அது சட்டென்று புரிந்தது. ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேராக இயக்குநரிடம் போனேன்.

அவர் என் ஃபைலை வரவழைத்தார். "ரெண்டு வருஷத்துல நீங்க நாப்பத்தோராயிரத்து அறுநூத்தியெட்டு தடவை சாப்பிட்டிருக்கீங்க. ஒவ்வொண்ணுக்கும் கையெழுத்து இருக்கு. ஒவ்வொண்ணும் பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தால எப்படிங்க குழாய் அடைக்கும்? அறிவியல் ஒத்துக்காது."

"என் குழாய் ஒத்துக்கிட்டிருக்கு சார்."

"வேலையாலதான் வந்துச்சுன்னு நீங்க எழுதிக் குடுக்கலாம், உங்க உரிமை. விசாரணைக் கமிட்டி போடுவோம். நாலு வருஷம் ஆகும். அதுவரைக்கும் நீங்கதான் முக்கியமான சான்று. சான்றைக் கலைக்கக் கூடாது, அதனால தினமும் வந்து அதே அளவு சாப்பிட்டுக்கிட்டே இருக்கணும்."

ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்தது. "இல்லேன்னா இது. உடம்பு கெட்டதுக்குக் காரணம் வீட்டுச் சமையல், அலுவலகத்துல சாப்பிட்ட எதுவும் காரணமில்லைன்னு ஒரு வாக்குமூலம். இன்னைக்குக் கையெழுத்துப் போட்டா நாளைக்கே மருத்துவக் காரணத்துக்காக ஓய்வு. ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க வாரியம் பாத்துக்கும். யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல. அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன்."

தாளை வீட்டுக்கு எடுத்துப் போனேன். மனைவி அடுப்படியில் சுரைக்காயை வெந்நீரில் போட்டுக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, நின்றபடியே படித்தாள். படித்து முடித்தும் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என் சமையலாலதான்னு எழுதிக் குடுக்கணுமா?"

"வேணாம் விடு. வேற வழி பாக்கலாம்."

"வேற வழி பாக்க உங்ககிட்ட நாலு வருஷம் இருக்கா?" பேனாவை அவளே தேடி எடுத்துவந்து நீட்டினாள். "போடுங்க. உப்பக்கூட எண்ணிப் போட்டவ நான். எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். ஊருக்கு எதுக்கு?"

போட்டேன். பொய்யில் கையெழுத்துப் போட மனசில்லை. ஆனாலும் உயிர்ப் பயம்தான் ஜெயித்தது. அவள் திரும்பிப் போய்ச் சுரைக்காயைக் கிளறினாள். கிளற அதில் என்ன இருக்கிறது, வெறும் தண்ணீர். எனக்கு வெட்கத்தில் அங்கே நிற்க முடியவில்லை.

சொன்ன வாக்கை வாரியம் காப்பாற்றியது, அதை மறைக்கக் கூடாது. நாலே நாளில் ரெண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். வைத்த மூன்றாம் நாள் வார்டில் கட்டிலுக்குக் கட்டில் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். 'உங்கள் அடுப்பே உங்கள் எதிரியா? ஒரு சராசரி மனிதரின் வாக்குமூலம்.' உள்ளே ஒரு படம். என் முகத்தை மறைத்திருந்தார்கள், தொண்டை மட்டும் மைக் ஒட்டின வடுவோடு அப்படியே தெரிந்தது. அலுவலகத்தில் நாற்பதாயிரம் தடவை பாதுகாப்பாகச் சாப்பிட்ட மனிதரை வீட்டில் ஒரு பெண் சமைத்தே படுக்க வைத்துவிட்டாள் என்பதை நாகரிகமான தமிழில் எழுதியிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில், இல்லத்தரசிகள் சமைக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு பூஜ்ஜியம் என்று அச்சிட்ட பொருள்களை வாங்கலாம் என்று ஆலோசனை.

மாத்திரை கொடுக்க வந்த நர்ஸ், என் தொண்டையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என் மனைவியிடம், "ஏம்மா, ஒரு நாளைக்கு எத்தனை கரண்டி எண்ணெய் ஊத்துவீங்க?" என்று கேட்டது. அக்கறையாகத்தான் கேட்டது. என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அழுதேன். நெஞ்சு வலிக்கிறதா என்று நர்ஸ் ஓடிவந்தது.

வீட்டுக்கு வந்து மூன்று வாரம். ஒரு காலையில் மகள் தலைவாரி, நல்ல உடையாக உடுத்திக்கொண்டு, "வேலை விஷயமாப் போறேன்பா" என்று கிளம்பினாள். ரெண்டு வருஷத்தில் இப்படி முப்பது முறை கிளம்பியிருப்பாள். நல்லபடியா போய்ட்டு வா என்றேன். பதினொரு மணிக்குத் தபால்காரர் ஒரு உறையைக் கொடுத்தார். உத்தரவின் நகல், என் பார்வைக்கு. மருத்துவக் காரணத்தால் ஓய்வு பெற்ற ஊழியரின் வாரிசுக்கு அதே பணி வழங்கப்படுகிறது. 'மாதிரி உண்பவர், நிலை இரண்டு.' கீழே ஒரு குறிப்பு: சராசரித்தன்மை பரம்பரையாக வரும் என்று கமிட்டி தீர்மானித்துள்ளதால் மறுபடி அளக்கத் தேவையில்லை.

ஆட்டோ பிடித்து ஓடினேன். ஓடக் கூடாது என்று டாக்டர் சொன்னது நாலாவது மாடியில்தான் ஞாபகம் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் பெண் உட்கார்ந்திருந்தாள். தொண்டையில் மைக். கையில் அந்தப் பொம்மை ஸ்பூன். முதல் நாள் என்பதால் சிரித்த முகமாக இருந்தாள்.

கிளிக் மேடம் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எத்தனை?" என்றேன்.

"முப்பத்தொண்ணு அண்ணே." கருவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "நான் எங்க வீட்டுக்கு ஒரு பொட்டலம்கூட வாங்கறதில்ல. என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

இடைவேளை மணி அடித்ததும் மகள் வெளியே வந்தாள். "ஏன்பா வந்தீங்க? இவ்வளவு மேல ஏறலாமா நீங்க?"

"வா, வீட்டுக்குப் போகலாம்."

"முத நாளே வந்து கூப்பிடறீங்களே, எல்லாரும் பாக்கறாங்க."

"இதத் தின்னுதான் நான் படுத்தேன். உனக்குத் தெரியாதா?"

"தெரியும்பா. ஆனா நீங்களே இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. ஃபைல்ல காட்டினாங்க." குத்திக்காட்டுகிற மாதிரிகூடச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "உங்களுக்கு அம்பத்தொண்ணு, எனக்கு இருபத்திமூணு. ரெண்டு வருஷம் சமாளிச்சுட்டா அதுக்குள்ள வேற வேலை கிடைச்சிடும். எத்தனை நாள் உங்க முகத்தையும் அம்மா முகத்தையும் பாத்துக்கிட்டு வீட்டுலயே உக்காந்திருக்கறது? வெளிய எல்லாரும் காசு குடுத்து இதத்தானே தின்றாங்க."

மணி மறுபடி அடித்தது. அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள்.

இயக்குநர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை.

"சார், நான் எழுதிக் குடுத்தது பொய். என் பொண்ண எழுந்திரிக்கச் சொல்லுங்க."

அவர் வழக்கத்தை விட மெதுவாகப் பேசினார். "உக்காருங்க. தண்ணி குடிங்க. அந்த வாக்குமூலம் உண்மைன்னா உங்க பொண்ணுக்கு எந்த ஆபத்தும் இல்ல, சரியா? பொய்ன்னா என்ன ஆகும் தெரியுமா? பொய் வாக்குமூலம் குடுத்த ஊழியர் அன்னையிலருந்தே பணிநீக்கம். ஓய்வு செல்லாது. ஓய்வூதியம் கிடையாது. ஆஸ்பத்திரிச் செலவத் திருப்பிக் கட்டணும். பணிநீக்கம் ஆனவருக்கு வாரிசு வேலையும் கிடையாது, உங்க பொண்ணோட உத்தரவு அன்னைக்கே தானா ரத்தாகிடும். ஒரு குடும்பமே நடுத்தெருவுக்கு வந்திடும். நல்லா யோசிச்சுப் பேசுங்க."

மிரட்டத்தான் சொன்னார். நான் நல்லாவே யோசித்தேன். அந்தக் கட்டடத்தில் பதினெட்டு வருஷத்தில் என் பக்கம் நின்ற விதி அது ஒன்றுதான்.

"எது தானா ரத்தாகும்னு சொன்னீங்க சார்?"

"உங்க பொண்ணோட உத்தரவு."

"ஒரு பேப்பர் குடுங்க."

எழுதினேன். நான் முன்பு கொடுத்த வாக்குமூலம் பொய். என் மனைவியின் சமையலில் ஒரு குற்றமும் இல்லை. ரெண்டு வருஷம் அவள் எனக்கு வேகவைத்த காய் மட்டுமே போட்டாள். என் ரத்தத்தைக் கெடுத்தது இந்த மேஜையில் உட்கார வைத்து எனக்கு ஊட்டின கொழுப்பு. நாற்பத்தோராயிரத்து அறுநூற்றெட்டு பூஜ்ஜியம் சேர்ந்து ரெண்டு அடைப்பு. இவ்வளவும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இயக்குநர் படித்தார். அவருக்கும் வியர்த்தது. "இவ்வளவு வேணாமே. நீங்க பொய் சொன்னீங்கங்கறது போதும். எது உண்மைங்கறது இதுல வரக் கூடாது. அதுக்கு ஆய்வகச் சான்று வேணும்." சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வந்தார். சமையல் வரியை அடித்தார். காய் வரியை அடித்தார். முதல் வரி மட்டும் மிஞ்சியது. அதற்கு முத்திரை குத்தி, நகல் எடுத்து, மேலே கீழே கையெழுத்து வாங்கி முடிக்கப் பதினோரு நிமிஷம் ஆயிற்று. அங்கே ஒரு லீவு லெட்டருக்கே பத்து நாள் ஆகும். நான் பொய் சொன்னேன் என்பது ஒன்றைத்தான் வாரியம் உண்மை என்று என்னிடமிருந்து ஏற்றுக்கொண்டது.

பன்னிரண்டரைக்கு மகளின் தொண்டையிலிருந்து மைக்கைப் பிரித்தார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். ஆட்டோவில் கூட ஏறவில்லை, நடந்தே வீட்டுக்கு வந்தாள்.

சாயங்காலம் நகலை மனைவியிடம் கொடுத்தேன். "உன் சமையல்ல குத்தமில்லைன்னு எழுதினேன். அடிச்சுட்டாங்க."

அவள் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். "அடிச்சது படிக்க முடியுதே" என்றாள். ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். அதற்கப்புறம்தான், இனி சாப்பாட்டுக்கு என்ன செய்யப்போகிறோம் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். நெஜமாகவே தெரியவில்லை. ஒரு கிடங்கில் இரவுக் காவலுக்குக் கேட்டிருக்கிறேன். ஸ்டென்ட் வைத்த ஆளா என்று யோசிக்கிறார்கள்.

மகள் என்னோடு பேசி இருபத்திரண்டு நாள் ஆகிறது. என் வேலையையும் தன் வேலையையும் ஒரே பேப்பரில் தொலைத்த மனுஷன் என்று அம்மாவிடம் சொல்கிறாளாம். சரியாகத்தான் சொல்கிறாள். போன வாரம் அவள் அம்மா அவளை வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வைத்தாள். நேற்று ரிப்போர்ட் வந்தது. மகள் அதை என் முன்னால் மேஜையில் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தேன். கெட்ட கொழுப்பு தொண்ணூற்று நாலு. நல்ல கொழுப்பு அறுபத்தொன்று. பேசாவிட்டால் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன்.